தையல்நாயகியின் நான்காவது படம்

விழுப்புரத்துக்கு வந்த ஒன்பது நாளில் தையல்நாயகி இரண்டு லாட்ஜ் மாறிவிட்டாள். முதல் லாட்ஜில் ஜன்னலைத் திறந்தால் சுவர். இரண்டாவதில் ஜன்னலுக்குக் கீழேயே ஜங்ஷன். ரயில் அறிவிப்பு ஓயவே இல்லை. உண்மையில் ஜன்னல்கள் மேல் குற்றமில்லை. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார அவளால் முடியவில்லை. காலையில் பஸ் ஏறித் திண்டிவனம் போவாள். லொக்கேஷன் பார்க்கிறேன் என்று ஏரிக்கரை, மார்க்கெட், மூடிக் கிடக்கும் ரைஸ் மில் என்று சுற்றுவாள். மத்தியானம் விழுப்புரம் திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தால், பாதிச் சாப்பாட்டில் வேறொரு இடம் ஞாபகம் வந்து கை கழுவிவிடுவாள்.

கூடவே அலைந்தவன் பிரவீன்குமார். திண்டிவனத்துக்காரன், படத்துக்குத் தமிழ் வசனம் எழுத வந்தவன்.

"மேடம், பூஜைக்கு நாலு நாளுதான் கீது. நீங்க இன்னும் ஒரு எடத்தையும் ஓகே பண்ணலயே?"

"பண்ணிடலாம் பிரவீன். இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துடலாம்."

இதையே அவள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பிறந்து வளர்ந்தது புனேயில். அப்பா பெயர் விருத்தாசலம், கண்டமங்கலம் பக்கத்திலிருந்து கான்கிரீட் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். முனிசிபல் பள்ளிக்கூட டீச்சர் வாயில் 'தையல்' நுழையவில்லை. ரிஜிஸ்டரில் 'நாயிகா' என்று எழுதிவிட்டார். மராட்டியில் அதற்குக் கதாநாயகி என்று பொருள். பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் அதை வைத்து நிறைய விளையாடினார்கள். எட்டு வருடம் மராட்டி சீரியல்களுக்கு வசனம் எழுதியபின் அவளுக்கு முதல் படம் கிடைத்தது. அது ஒரு வாரம் ஓடியது. கரும்பு வெட்டுகிறவர்களைப் பற்றிய இரண்டாவது படம் ஊர் ஊராக விழாக்களுக்குப் போனதே தவிர, தியேட்டருக்கு வரவில்லை. மூன்றாவதுதான் பெயர் வாங்கித் தந்தது.

அது அஞ்சம்மாள் அத்தையின் கதை. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை அத்தை. கோலியனூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் தினமும் அடி உதை. "மாட்டுப் பொங்கலுக்கு வந்து உன்னக் கூட்டிக்கினு போயிடறேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். சொன்ன நாளில் வரவில்லை. படத்தில் அந்தத் தங்கை மூன்று வருடம் தினமும் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பாள். கடைசியில் அண்ணன் வந்து சேரும்போது அவளுக்கு அவனை அடையாளம் தெரியாது. அந்த இடத்தில் தியேட்டரே அழுதது. சென்னைத் தயாரிப்பாளர் சீனுவாசனும் அழுதார். உடனே தமிழில் எடுக்கும் உரிமையை வாங்கி, அவளையே இயக்கவும் கூப்பிட்டுவிட்டார்.

அத்தையை அவள் வாழ்நாளில் நான்கு தடவைதான் பார்த்திருந்தாள். கடைசியாகப் பார்த்தது மூன்று வருடம் முன்பு, அப்பாவின் சாவுக்கு அத்தை புனே வந்தபோது. படத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒன்பது நாளாக அவளை உட்காரவிடாமல் விரட்டியது இதுதான். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு திண்டிவனத்தில் அத்தை வீட்டுக்குப் போனாள்.

அத்தைக்கு அறுபத்து மூன்று வயது. மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், பெண்களை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரி. குரல் தெருமுனைக்குக் கேட்கும்.

"வாடியம்மா. வந்து பத்து நாளாச்சாமே, இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சிச்சா?"

"வேல இருந்துச்சி அத்தை. உங்களுக்கு ஒரு படம் காட்டணும். நான் எடுத்தது. உங்க கதை."

"என் கதையா?" அத்தை சிரித்தாள். "போடு, பாப்போம்."

முறத்தில் மல்லாட்டைப் பயறு பொறுக்கியபடியே அத்தை படம் பார்த்தாள். வசனம் மராட்டி என்பதால் நாயகி ஒவ்வொரு காட்சியிலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். புருஷன் அடிக்கிற காட்சியில் அத்தை, "அவன் இன்னும் கட்டையா, கறுப்பா இருப்பான்" என்றாள். அவ்வளவுதான். படத்தில் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்ற தங்கை மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். மழை வந்தது, வெயில் வந்தது, நரை வந்தது. அத்தையின் கை நின்றுவிட்டது.

"இவ இன்னாடி இங்கியே நின்னுக்கினு கீறா?"

"அண்ணனுக்காகக் காத்திருக்காங்க, அத்தை."

"எத்தினி நாளு?"

"மூணு வருஷம்."

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "நான் நின்னது நாலு நாளு."

நாயகி படத்தை நிறுத்தினாள்.

"மாட்டுப் பொங்கலு, அடுத்த நாளு காணும் பொங்கலு, அப்பறம் ரெண்டு நாளு. நாலு நாளும் கூட்ரோட்ல போயி நின்னேன். அஞ்சாம் நாளு பாண்டிச்சேரி பஸ்சு வந்துச்சி, ஏறிட்டேன். கண்டமங்கலத்துல என்கூடப் படிச்ச தமிழ்மணி மில்லு வேலைக்குப் போய்க்கினு இருந்தா. அவகூட ஒட்டிக்கினேன். ஆறு வருஷம் நூல் மில்லு. அப்பறம் இந்த ஊரு. நீ எதுக்குடி என்ன ரெண்டு மணி நேரமா அங்கியே நிக்க வெச்சிருக்க?"

நாயகிக்கு முகம் சூடேறியது. "அப்பா அப்படித்தான் சொன்னாரு. நீங்க அவருக்காகக் காத்துக்கினே இருந்திருப்பீங்கன்னு. அவரு சித்திரையில வந்தாராம். உங்க மாமியார் வீட்டுல 'அவ இங்க இல்ல'ன்னு வெரட்டிட்டாங்களாம். ஜங்ஷன்ல ரெண்டு நாளு உக்காந்திருந்துட்டுத் திரும்பிட்டாராம்."

அத்தை அவள் பக்கம் திரும்பினாள்.

"அவன் வந்தானா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"வந்தானா அவன்?" என்று மறுபடி கேட்டாள். எழுந்து வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள். "பதினோரு வருஷம் கழிச்சி லெட்டர் போட்டான். அப்பறம் போன்ல எவ்வளோ பேசனான். மழ வந்துச்சா, மாடு இன்னா வெல, உனுக்கு சக்கரை எவ்ளோ... எல்லாம் கேட்டான். இத்த மட்டும் சொல்லலியே பாவி. மூணு மாசம் லேட்டா வந்தாலும் வந்தேன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா? நாப்பது வருஷமா அவன வரலன்னே திட்டிக்கினு இருந்தேன்."

அதற்குமேல் அத்தை படம் பார்க்கவில்லை. மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சாப்புட்டுப் போ" என்றாள். மீன் குழம்பு ஊற்றினாள்.

விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில் நாயகிக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் நிறுத்தத்தில் அத்தனை காலம் நின்றது அத்தை இல்லை, அப்பா. புனேயில் கலவை மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, தங்கை இன்னும் எங்கோ தனக்காகக் காத்து நிற்கிறாள் என்று நாள்தோறும் தன்னை அரித்துக்கொண்டவர் அவர். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், அவருடைய குற்ற உணர்ச்சிக்குப் புடவை கட்டி அத்தை என்று பெயர் வைத்துவிட்டாள். விருது வாங்கிய மேடையில் "இது என் அத்தையின் வாழ்க்கை" என்று வேறு பேசியிருந்தாள். நினைக்க நினைக்கக் கூசியது.

ஜங்ஷன் எதிரே டீக்கடையில் பிரவீன்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் டீயைக் குடிக்காமல் கேட்டான்.

"அப்ப அஞ்சாம் நாள்லேந்துதான் மேடம் கதையே ஆரம்பிக்குது."

"அதத்தான் நானும் நெனச்சேன்."

அங்கேயே நின்றுகொண்டு சீனுவாசனுக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், அந்தக் காத்திருப்புதான் படம். அத எடுத்துட்டா என்ன மிச்சம் இருக்கு? ஒரு லேடி பஸ் ஏறி வேலைக்குப் போறாங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார்."

"ஹீரோயின் டேட் குடுத்தாச்சு. வியாழக்கிழமை பூஜை. கொழப்பாதீங்க."

"என்னால எடுக்க முடியாது சார். எங்க அத்தை உயிரோட இருக்காங்க. அவங்க ஊர்லயே, அவங்க பாஷையிலயே, அவங்க செய்யாத ஒண்ண எப்படி எடுப்பேன்?"

"ரைட்ஸ் எங்ககிட்ட இருக்கு. வேற டைரக்டர் எடுப்பாரு. வருத்தப்படாதீங்க" என்றார். கோபமாகக்கூட அவர் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. அன்றே அறையைக் காலி செய்து புனேவுக்கு வண்டி ஏறினாள்.

தமிழ்ப் படம் எட்டு மாதத்தில் வெளிவந்து நன்றாகவே ஓடியது. அத்தை மண்டிப் பெண்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "நல்லாத்தான்டி எடுத்திருக்கான். நானே அழுதுட்டேன். எவளோ ஒருத்தி கதன்னு நெனச்சிக்கினுதான் பாத்தேன்."

விழுப்புரத்திலிருந்து திரும்பிய பின் இரண்டு வருடம் நாயகிக்கு நிம்மதியில்லை. அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. அதனால் அத்தை போனில் சொல்வதை அப்படியே தமிழில், மராட்டி எழுத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு அதை மராட்டிக் கதையாக்கினாள். நான்கு தயாரிப்பாளர்கள் படித்துவிட்டு, "இதில் அழ எங்கே இடம்?" என்று கேட்டார்கள். ஐந்தாவதாக ஒரு பெண்மணி, கல்யாண மண்டபம் நடத்துகிறவர், "என் அம்மாவும் இப்படித்தான் பஸ் ஏறிப் போனாள்" என்று சொல்லிப் பணம் போட முன்வந்தார். படம் மராட்டிதான், ஆனால் படப்பிடிப்பு கோலியனூரில்தான் என்பதில் நாயகி பிடிவாதமாக இருந்தாள்.

அப்படித்தான் ஒரு தை மாதக் காலையில் கூட்ரோட்டில் கேமரா நின்றது. பிரவீன்குமார் இப்போது அவளுடைய உதவி இயக்குநர். எங்கிருந்தோ ஒரு பழைய பஸ்ஸைப் பிடித்து, பச்சைப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தான். அத்தை மண்டிக்கு லீவு போட்டுவிட்டு வந்து, குடைக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புனேயிலிருந்து வந்த நடிகை மூட்டையை அணைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்தாள், பின்னால் ஊரைத் திரும்பிப் பார்த்தாள், கண் கலங்க ஏறினாள்.

"கட்!" என்றாள் நாயகி. அவளுக்கே பிடிக்கவில்லை.

அத்தை நாற்காலியை விட்டு எழுந்தாள். "அது இன்னாத்துக்குத் திரும்பிப் பாக்குது? பஸ்சு நிக்கவே நிக்காது. ஓடிக்கினே ஏறணும். எடம் கெடைக்குமான்னு உள்ளதான் பாக்கணும். அதுக்குச் சொல்லு."

நாயகி மராட்டியில் சொன்னாள். நடிகை அத்தையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அடுத்த டேக்கில் பஸ் முழுசாக நிற்கவில்லை. நடிகை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி, மூட்டையை உள்ளே வீசி, கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறினாள். உள்ளே இருந்த கேமராமேன் அவள் முகத்தோடு நகர்ந்தான். நாயகி "கட்" என்று கத்தினாள். டிரைவருக்குக் கேட்கவில்லை. பஸ் வளைவு திரும்பிக் கண்டமங்கலம் ரோட்டில் வேகம் பிடித்தது.

"மேடம், பஸ்சு போய்க்கினே கீது!" பிரவீன்குமார் போனை எடுத்தான். "நிறுத்தச் சொல்லட்டுமா?"

நாயகி ஏற்கனவே யூனிட் வேனை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். "நிறுத்தாதன்னு சொல்லு! கேமராவ ஓட விடச் சொல்லு. ஜல்தி, வேன எடுங்க!"

அவளுக்கு முன்னால் அத்தை வேனில் ஏறி டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.