சத்திரக்காரருக்கு ஒரு பெயர்

வசுமதி உட்கார்ந்திருக்கும் மேசை முனை ஆடி மாதக் கடைசியில் காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்பு அது உறையூர்க் கடைத்தெருவில் இருந்தது. அதற்கும் முன்பு, எல்லோர் வீட்டு மேசையும் போல, குணசீலன் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே இருந்தது.

தெருக்காரர்கள் பழகிவிட்டார்கள். மேசை மாடி ஜன்னல் வழியாக வெளியே போனது. கால்கள் தேவைக்குத் தக்கபடி நீண்டு தரையைத் தொட்டன. பஸ்கள் அதன் அடியில் போயின. பூக்காரி நிழலுக்காக அங்கே கூடையை வைத்தாள். மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து எல்லாக் கால்களுக்கும் எண் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

வசுமதி குணசீலனின் மனைவி. ஏழு மாதமாக அவளிடம் அவனால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன், தூரத்தில் இருப்பதைப் பார்க்க நல்ல கண்ணாடியாக ஒன்று வைத்திருந்தான். வானம் தெளிந்த நாளில் அவள் கன்னத்தில் கை வைத்து யோசிப்பது தெரியும். மேசைமேல் தட்டைத் தள்ளிவிட்டால் அவளிடம் போய்ச் சேர நான்கு நாள் ஆனது. அதனால் முறுக்கு, சீடை என்று கெடாத பண்டமாகவே அனுப்பினான். நடந்து போயும் பார்த்தான். அவன் நடந்த அளவுக்கு மேசை நீண்டது.

தப்பு அவனுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்த மேசையில் நான்கு பேர் பகடைக் கதை ஆடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் இதைச் செய்யறேன்" என்பார்கள். அது நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். எதிர்வீட்டு பீட்டர்ராஜுக்குச் சண்டை வேண்டும். பள்ளியில் கணக்கு எடுக்கும் ரஹ்மத் அக்காவுக்கு விதிப் புத்தகமும் கூட்டல் கழித்தலும் வேண்டும். நடத்துகிற குணசீலனுக்குக் கதை ஓட வேண்டும். பொறுமைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். ஆகவே தானாக ஒரு விதி சேர்த்தான்: பத்து எண்ணுவதற்குள் பதில் சொல்லாதவருக்கு வாய்ப்பு போய்விடும்.

வசுமதி யோசித்துப் பேசுகிறவள். அவள் வாய்ப்பு போகும்போதெல்லாம் மேசை நாலு விரற்கடை நீண்டது. நாற்பது தடவை வரை யாரும் கவனிக்கவில்லை. நாற்பத்தோராவது தடவை நாற்காலியோடு ஜன்னலைத் தாண்டிவிட்டாள். அதன்பின் அவன் எண்ணாமலே நீண்டது.

"இனிமே அவங்க சொன்னாலும் கேக்காது," என்றான் பீட்டர்ராஜ். "அடுத்து யாரு?"

விதியைத் திருத்தினால் மேசை சுருங்கும் என்று ரஹ்மத் அக்கா புத்தகத்தில் கண்டுபிடித்தார். குணசீலன் பத்தை நூறாக்கினான். அசையவில்லை. கதையில் வரும் வாளுக்கு இரண்டு மடங்கு பலம் கொடுத்தான். பீட்டர்ராஜுக்குச் சந்தோஷம், மேசை இன்னொரு தெரு நீண்டது. கதையில் ஆளுக்காள் சுமக்கும் மூட்டைகளின் எடைக்கு அட்டவணை போட்டான். ரஹ்மத் அக்கா அதை முத்து முத்தாகப் படியெடுத்துக்கொண்டார். மேசை அப்படியே நின்றது.

ஆட்ட விதித் திருத்த அலுவலகம் மேசையின் நூற்றுப் பதினெட்டாம் காலுக்குள் இருந்தது. வரிசையில் குணசீலன் ஒருவன்தான் நின்றான். இருந்தாலும் அவன் முறை வர மூன்று மணி நேரம் ஆனது.

"யாருக்குத் திருத்தம்?" என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி அம்மாள்.

"என் ஒய்ஃபுக்கு மேடம்."

"எப்படி ஆடுவாங்க?"

"மெதுவா."

"அது வேகம். நான் கேக்கறது விதம். சண்டையா, கணக்கா?"

"ரெண்டும் இல்ல."

"அப்ப என்னதான் செய்வாங்க?"

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இது கூடத் தெரியாதது குணசீலனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த நாற்பத்தோராவது வாய்ப்பை நினைத்துப் பார்த்தான். கதையில் எல்லோரும் ஒரு சத்திரத்துக்குள் நுழைந்திருந்தார்கள். மாடியில் அரக்கன். பீட்டர்ராஜ் வாளை உருவிவிட்டான். வசுமதி மட்டும், "அந்தச் சத்திரக்காரர் பேரு என்னங்க?" என்று கேட்டாள். "அவருக்குப் பேரெல்லாம் கிடையாது வசு. ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"கதையில வர்ற ஆளுங்ககிட்ட பேசுவா மேடம்," என்றான். "நான்தான் பேச விட்டதில்ல."

அதிகாரி எழுதிக்கொண்டார். "பேச்சு வகை. பகடை கிடையாது. நேரக் கணக்கு கிடையாது. அவங்க யாரைக் கூப்பிடறாங்களோ, அந்த ஆளாத்தான் நீங்க பேசலாம். நான்தான் உன் புருஷன்னு ஒரு வார்த்தை வந்தாலும் மேசை மறுபடி நீண்டுடும்."

"எது வரைக்கும் மேடம்?"

"ஆட்டம் முடியற வரைக்கும்."

"எப்ப முடியும்?"

"அது அவங்க இஷ்டம். கையெழுத்து போடுங்க."

போட்டான். அவள் முகத்தை ஒருதரம் கிட்டத்தில் பார்த்தால் போதும் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்தான். சத்திரக்காரர் பெயர் மாசிலாமணி என்று எழுதினான். மேசை பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தது. சொந்த ஊர் முசிறி என்று எழுதினான். கடைத்தெரு வரை வந்தது. இடது காது கொஞ்சம் மந்தம், காப்பியில் சர்க்கரை தூக்கலாக வேண்டும், மழை வந்தால் யாராவது வருவார்கள் என்று வாசலிலேயே நிற்பார். பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

அரக்கனுக்கு இனி வேலை இல்லாததால் அவனை ஊருக்கு அனுப்பினான். பீட்டர்ராஜ் வாளை உறையில் போட்டுக்கொண்டு வண்டி கழுவப் போனான். ரஹ்மத் அக்கா பகடைகளை டப்பாவில் போட்டு மூடினார். "நாங்க வேற கிழமையில வர்றோம் தம்பி," என்றார்.

ஜன்னல் வழியாக நாற்காலியோடு வசுமதி உள்ளே வந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். கை நீட்டினால் எட்டும் தூரம். அவள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. குணசீலன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"சத்திரக்காரர் இருக்காரா?" என்று கேட்டாள் வசுமதி.

"இருக்கேம்மா. மாசிலாமணி. சொல்லுங்க."

"ஒரு ரூம் வேணுமே."

"மாடியில காலியா இருக்கு. எத்தனை நாளைக்கு?"

அவள் யோசித்தாள். வெயில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போனது. அவ்வளவு நேரமும் அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். யோசிக்கும்போது அவள் புருவம் இப்படி மெல்லச் சுருங்கும் என்பது இன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

"சொல்லத் தெரியலை," என்றாள். "எங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும். அவரைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கொஞ்சம் அவசரக்காரர், வழியில எங்கயோ முன்னாடி போயிட்டார். நீங்க பாத்தீங்களா?"

குணசீலன் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் இந்தப் பக்கம் வரலைம்மா," என்றார் சத்திரக்காரர்.

"வருவாரா?"

"வருவார். நீங்க இருங்க."

அவள் சாவிக்குக் கை நீட்டினாள். குணசீலன் தன் வீட்டுச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.