ஒரே போடு

அந்தக் கொரியப் பள்ளியின் நாலாம் வகுப்பு இரண்டாம் பிரிவில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என்றால் இடம் மாற்றும் நாள். யார் பக்கத்தில் யார் என்று அன்றைக்கு முடிவாகிவிட்டால், அப்புறம் ஒரு மாதத்துக்குத் தலைகீழாக நின்றாலும் மாறாது. எப்போதும் சீட்டுக் குலுக்கித்தான் போடுவார்கள். இந்தத் தடவை கூ டீச்சர் புதுசாக ஒன்றைக் கிளப்பிவிட்டார்.

"சொல் தொடர் விளையாடுவோம். கடைசி வரைக்கும் நிக்கிறவங்க முதல்ல இடம் பிடிச்சுக்கலாம், பக்கத்துல யாருன்னும் அவங்களே சொல்லலாம். ரெண்டாவதா வர்றவங்க அடுத்து."

சோரா முதல் ஆளாக எழுந்து நின்றாள். எப்படியாவது ஜெயிக்கணும், நாரேயைப் பக்கத்தில் உட்கார வைக்கணும். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

முதல் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் இணைபிரியாத தோழிகள். கெடுத்தது இந்த விளையாட்டேதான். அந்தாட்சரி மாதிரி, பாட்டுக்குப் பதில் வார்த்தை. முந்தினவர் சொன்னது எந்த எழுத்தில் முடிகிறதோ அதில் ஆரம்பிக்கணும். ஆனால் கொரிய மொழியில் சில வார்த்தைகளின் கடைசி எழுத்தில் வேறு வார்த்தையே ஆரம்பிக்காது. பிள்ளைகள் அவற்றுக்கு வைத்த பெயர் 'ஒரே போடு'. எதிராளி 'நா' என்று முடித்தால் 'நாத்ரியும்', அதாவது சோடியம், என்று போட வேண்டியது; கொரியத்தில் ஒரே எழுத்தான அந்த 'ரியும்' என்பதில் எதுவும் ஆரம்பிக்காது, ஆள் காலி. சோரா இதில் கில்லாடி. போன மாதம், ஜென்மத்தில் ஜெயிக்காத நாரே முதன்முதலாக ஜெயிக்கப் போகும் நேரம் பார்த்து 'நாத்ரியும்' போட்டாள். போட்டதோடு விட்டாளா? கரும்பலகைக்கு முன்னால் போய் ஒரு ஆட்டம் வேறு. நாரே ரோஷக்காரி. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

"இன்னொரு விதி," என்றார் டீச்சர். "சொல்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரியணும். வாயால சொல்லுங்க, இல்ல செஞ்சு காட்டுங்க. முழிச்சா அவுட்டு."

வகுப்பே ஐயையோ என்றது. முதலில் மாட்டியது கியூமின். கணக்கில் புலி, வாய் மட்டும் முந்திக்கொள்ளும்.

"இரிடியம்!"

"அப்படின்னா என்னடா?"

"அது வந்து டீச்சர்... ஒரு கிரகம்?"

"கிரகம் உனக்குத்தான் சரியில்ல. உட்காரு."

அதற்கப்புறம் ஆட்டம் களைகட்டியது. தவளைக்குத் தவளையாகக் குதித்தார்கள், தும்மலுக்குத் தும்மினார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொருவராக உட்கார, கடைசியில் நின்றது இரண்டே பேர், சோராவும் நாரேயும்.

"பனானா," என்றாள் நாரே, சோராவின் முகத்தைப் பார்க்காமல். வெறுங்கையால் வாழைப்பழம் உரிப்பதுபோல் செய்தும் காட்டினாள்.

'நா'!

'நாத்ரியும்' சோராவின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அர்த்தமும் தெரியும். ராம்யான் நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறதே, உப்பில் இருக்கும் சமாச்சாரம், அதிகமானால் அம்மா திட்டுவாள். சொன்னால் ஜெயித்துவிடலாம். நாரே பக்கத்தில் வந்து உட்காரத்தான் வேண்டும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மாதம் முழுக்க உட்கார்ந்திருப்பாள்! அப்படி ஒரு ஜெயிப்பு எதற்கு?

"போடுடி, போடு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"நாமு," என்றாள் சோரா. மரம். கைகளைக் கிளையாக விரித்து நின்றாள். ஆட்டம் நீளட்டும், நேர்வழியிலேயே ஜெயிப்போம் என்று மனசுக்குள் கொஞ்சம் பெருமை கூட.

நாரே ஒரு நொடி அசந்துபோனாள். பிறகு காலைத் தூக்கி முழங்காலில் பளாரென்று தட்டினாள்.

"முருப்!"

முழங்கால். ஒரே போடு. உலகத்து உலோகங்களையெல்லாம் உருப்போட்டவளுக்கு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த முழங்கால் மறந்தே போய்விட்டது. விரித்த கைகளோடு மரமாகவே நின்றாள் சோரா. வகுப்பு கூரையைப் பிய்த்தது.

"ஜன்னலோரம், மூணாவது வரிசை," என்றாள் நாரே. "பக்கத்துல... கியூமின்."

சோரா விரித்த கைகளைத் தொங்கவிட்டாள். நல்லவளாக இருந்ததற்கு இதுதான் கிடைத்த பலனா என்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"சோரா, நீ ரெண்டாவது. எங்க வேணும்?"

வீம்பாகக் கடைசி வரிசையைச் சொல்லியிருக்கலாம். கால் கேட்கவில்லை. நேரே போய் நாரேயின் முதுகுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகையாவது பார்த்துக்கொண்டிருக்கலாமே.

மற்றவர்கள் இடம் பிடித்து, கணக்குப் பாடம் ஆரம்பமானது. டீச்சர் பலகைப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், நாரே பின்னால் திரும்பினாள்.

"ஏய், ரப்பர் குடுடி."

திறந்திருந்த அவளுடைய பென்சில் டப்பாவில் புது ரப்பர் ஒன்று உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. சோரா தன்னுடையதை நீட்டினாள்.

"வேணும்னேதானே 'நாமு' சொன்ன? எனக்கு விட்டுக்குடுத்தியா?"

"இல்லடி, சத்தியமா. நாத்ரியும் போட வேணாம்னுதான் நினைச்சேன். முழங்கால் மறந்தே போச்சு."

நாரே வாயைப் பொத்திப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு பீறிட்டு வந்தது.

"நாரே! முன்னாடி பாரு!"

திட்டு விழுந்தது நாரேக்கு. சந்தோஷம் தாங்காமல் மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டது சோரா.