செவலையின் ஆறு வயசு

குதிரை வாய்க்குள் முழங்கை வரைக்கும் கையை விடும்போது அடிக்கிற வாடை பாண்டிலட்சுமிக்கு ஐந்து மாதமாகியும் பழகவில்லை. கடைவாய்ப் பல்லிடுக்கில் அழுகிக் கிடக்கும் புல் பச்சை எச்சிலோடு கையில் வழியும். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் மத்தியானச் சோற்றில் அதே நாற்றம். பாதியில் எழுந்து ஓடுவாள்.

"வாந்தி எடுக்கிறவளுக்கு சர்ட்டிபிகேட் கிடையாது, பிள்ள. தாயில்பட்டிக்கே போயிரு" என்பார் ரத்தினசாமி. விருதுநகரில் குதிரைப் பல் வைத்தியப் பயிற்சி நடத்துகிறவர் அவர்.

தாயில்பட்டி என்றால் பட்டாசுக் கம்பெனி. எட்டாவதோடு படிப்பை விட்டதிலிருந்து அங்கே திரி சொருகியவள்தான். கூட உட்கார்ந்து சொருகிய வெள்ளைத்தாயைக் கரிக்கட்டையாகப் பார்த்தபின் அந்தத் திசைக்கே போவதில்லை என்றிருந்தாள். சர்ட்டிபிகேட் கிடைத்தால் பந்தயக் குதிரைகளுக்கு அரத்தால் பல் ராவிப் பிழைத்துக்கொள்ளலாம்.

மாசியில் ஒரு நாள் ரத்தினசாமி ஒரு கிழட்டுச் செவலைக் குதிரையை இழுத்து வந்தார். இளங்குதிரையின் முன்பல்லில் கருங்குழி இருக்கும். வயசாக ஆகத் தேய்ந்துவிடும். செவலைக்கு ஒன்றுகூட இல்லை.

"பொடிசாக் குழி தோண்டி, கறுப்பை அடை."

"எதுக்கு சார்?"

"ஆறு வயசுன்னு விக்கத்தான். திரி சொருகுன விரலாச்சே, உனக்குச் சொல்லணுமா? இந்த விரலுக்குத்தான் உன்னையச் சேத்தேன். பின்னே, உன் படிப்பைப் பாத்தா?"

சர்ட்டிபிகேட்டை நினைத்துக்கொண்டு தோண்டினாள்.

பங்குனியில் பரீட்சை. மதுரையிலிருந்து வந்த டாக்டரம்மா, ரத்தினசாமி குதிரைகளின் வயசை எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து மார்க் போட்டார். நாலு குதிரைக்குப் பாண்டிலட்சுமி சரியாகச் சொல்லிவிட்டாள். ஐந்தாவது வந்தது செவலை. கயிற்றைப் பிடித்திருந்தார், ஆறு வயசென்று நம்பி ரத்தினசாமியிடம் அதை வாங்கிய சிவபாண்டி.

"பத்து நாளாத் தீவனத்தைத் தொட மாட்டேங்குது, தாயி. என்னன்னு பாருங்க."

உதட்டைத் தூக்கினாள். இது புல் அழுகிய வாடை இல்லை. அவள் தோண்டிய குழியைச் சுற்றி ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

"வயசு?" என்றார் டாக்டரம்மா.

தாளில் ஆறு என்றிருக்கும். ஆறு என்றால் பாஸ். பின்னால் ரத்தினசாமி தொண்டையைச் செருமினார். விரல் பட்டதும் செவலை வலியில் தலையை உதறியது.

"இருபதுக்கு மேல இருக்கும்மா. குழி நான் போட்டது. சார் சொல்லித்தான் போட்டேன். சீழ் பிடிச்சிருச்சு."

"அடப்பாவிகளா!" என்றார் சிவபாண்டி.

டாக்டரம்மா தானே குனிந்து, கிழட்டுக் குதிரைக்குப்போல முன்பல் முன்னால் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். தாளைக் குறுக்கே கிழித்தார்.

"உனக்கு சர்ட்டிபிகேட் இல்லை. இந்த ஆளால் இனிமேல் பயிற்சி நடத்தவும் முடியாது." மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஒரு கொக்கியை அவளிடம் நீட்டினார். "பிடி. அடைச்சதை நீயே எடு."

தோண்டத் தோண்டக் கறுப்பும் சீழும் குழைந்து அவள் விரலில் வழிந்தது. முகத்தைத் திருப்பாமல் கடைசித் துணுக்கு வரை எடுத்து, உப்புத் தண்ணீர் விட்டு அலசினாள். குமட்டவே இல்லை.

ரத்தினசாமி கிட்டே வந்து தோளில் கை வைத்தார். "வாயை மூடிக்கிட்டு இருந்தா நீயும் பொழைச்சிருப்பே, நானும் பொழைச்சிருப்பேன். என்ன பிள்ள நீ?"

அந்தக் கை பட்டதும்தான் அவர் செருப்பு மேலேயே வாந்தி எடுத்தாள்.