மானோலிஸின் வலது கை

சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் இருவர் வந்துவிட்டார்கள். தெஸ்பினா அவர்களைக் கையமர்த்திவிட்டு அண்ணன் மானோலிஸின் மேல் குனிந்தாள். மார்பில் குறுக்காக வைத்த இரண்டு கைகளையும் வெள்ளை ரிப்பனால் கட்டியிருந்தது. மூடுவதற்கு முன் அதை அவிழ்த்தாக வேண்டும். கட்டோடு போகிறவன் கடவுளிடம் எப்படிப் போய்ச் சேருவான்?

முடிச்சு அவிழ மறுத்தது. ஒன்றல்ல, முடிச்சுமேல் முடிச்சு.

"யாரு கட்டுனது இத? படகக் கட்டுற மாதிரி!"

"நான்தான்," என்றாள் அண்ணி கலியோப்பி. "இருக்கட்டும், விடு தெஸ்பினா."

"இருக்கட்டுமா? நல்லாருக்கு அண்ணி நீங்க சொல்றது!"

தெஸ்பினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கவாதத்தில் அண்ணனின் வலது கை விழுந்தபோதும் இவள் இதையேதான் சொன்னாள். புருஷன் கட்டிலில் கிடக்க, என்னவோ பத்து வயது குறைந்தவள்போல் கொல்லையில் தக்காளி நட்டுக்கொண்டிருந்தாள். தெஸ்பினாதான் அண்ணனை அவர்கள் ஊரான போர்ட் பிரியிலிருந்து அடிலெய்டுக்குத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய், நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டினாள். தலையில் காந்தச் சுருளை வைத்து டக் டக்கென்று மூளையைத் தூண்டுவார்கள். செத்துக் கிடந்த விரல் துள்ளும். அப்புறம் பயிற்சி. கரண்டியைப் பிடி, கையைத் தூக்கு. அண்ணன் காப்பிக் கோப்பையை முதன்முதலாக வாய்க்குக் கொண்டுபோன அன்று தெஸ்பினா சமையலறையில் நின்று அழுதாள். போனில் சொன்னால், அந்தக் கல்நெஞ்சுக்காரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எவ்வளவு உயரம் தூக்குறாரு?"

ஈஸ்டருக்குத் தெஸ்பினா அவரைக் கை வீசி நடக்கும் மனிதராகத் திருப்பி அனுப்பினாள். அதன்பின் கலியோப்பி சர்ச் பக்கமே வருவதில்லை என்று கேள்வி. குளிர்காலத்தில் இரண்டாவது வாதம் வந்து ஆளையே கொண்டுபோய்விட்டது.

சர்ச்சின் முன்வரிசையிலிருந்து கிழவி எவாந்தியா குரல் கொடுத்தாள். "கடவுள் அவன மன்னிக்கட்டும். ஒன் புண்ணியத்துல முழு மனுசனாப் போறான்டி தெஸ்பினா. பொண்டாட்டி செய்வாளா இத?"

கலியோப்பியின் கண் முடிச்சிலேயே இருந்தது.

பாதிரியார் கண்ணைக் காட்டினார். தெஸ்பினா கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை நறுக்கினாள். "வாங்க அண்ணி. கடைசியா ஒரு முத்தம் குடுத்து அனுப்புங்க. ஊரு பாக்குது."

கலியோப்பி வந்தாள். நெற்றியில் முத்தமிடக் குனிந்தாள். கட்டு விட்ட வலது கை மார்பிலிருந்து சரிந்து, பெட்டியின் விளிம்பில் பட்டென்று மோதியது.

அவள் முழங்கை சட்டென்று உயர்ந்து முகத்தை மறைத்தது. தோள் குறுகி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடுத்ததற்குக் காத்திருப்பவள்போல் அப்படியே நின்றாள்.

"பாவம், இப்பத்தான் அழுகையே வருது அவளுக்கு," என்றாள் எவாந்தியா.

தெஸ்பினா அண்ணனின் கையை எடுத்து மார்பில் வைத்தாள். மூடி வந்து மூடும்வரை, இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.