வெறும் உப்புதானுங்க

எங்கள் ஊர்ச் சாயப்பட்டறை முதலாளி ரங்கராஜ், தன் கோயமுத்தூர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல்மீன் வளர்த்தார். அதற்குக் கடல்நீர் கொச்சியிலிருந்து ரயிலில் கேன் கேனாகப் போத்தனூருக்கு வரும். அந்த வாரம் வரவில்லை. தீனி அதிகமாகி, தொட்டித் தண்ணீர் கலங்கி நாறியது. உடனே மாற்றியாக வேண்டும். அவருக்கு என் கிணறு ஞாபகம் வந்தது.

வராமல் எப்படி இருக்கும்? அவர் பட்டறைக் கழிவை ஓடையில் விட்டுத்தானே அது உப்பாகிப்போனது. என் தென்னைகள் பட்டுப்போனபோது பஞ்சாயத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "வெறும் உப்புதானுங்க அம்மணி. மாடு கன்னு தாராளமாக் குடிக்கலாமுங்க."

தான் சொன்ன பொய்யை அவரே நம்பிவிட்டார் போல. மாருதி வேனில் கேன்களோடு வந்து, மோட்டாரைப் போடச் சொல்லி நிரப்பிக்கொண்டார். நான் தடுக்கவில்லை. அவர் சரக்கு, அவரே கொண்டுபோகட்டும்.

மறுநாள் காலையிலேயே மறுபடி வந்து நின்றார். மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தனவாம். அழுது கண் சிவந்திருந்தது. என் எருமைகள் செத்தபோது இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர்.

வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் பேசுவது எங்கள் வழக்கமில்லை. நாங்கள் குடிக்கும் லாரித் தண்ணீரைச் சொம்பில் கொடுத்தேன். வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, எம்மேல இருக்கற கோவத்துல கெணத்துல என்னத்தைக் கலந்துபோட்டீங்க?"