மாப்பிள்ளைக் கோட்டு

கோட்டு தைக்க மாப்பிள்ளையைக் கூட்டி வராமல் அவனுடைய பழைய சட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிற ஜனங்களை என்னதான் செய்வது? பம்பாய்க்கு வந்து எத்தனை காலமானாலும் நம் திருநெல்வேலிக்காரர்கள் இந்த வழக்கத்தை விடுவதாக இல்லை. அளவுச் சட்டை கொடுத்துவிட்டால் அத்தோடு கடமை முடிந்தது. கோட்டுக்குத் தோள் வேண்டாமா, நெஞ்சு வேண்டாமா? கட்டிங் மாஸ்டர் பிரம்மநாயகத்துக்கு எரிச்சல் மண்டையில் ஏறும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டார்.

தாராவியில் கரீம் பாட்சாவின் கடையில் துணியும் விற்பார்கள், தைத்தும் கொடுப்பார்கள். பிரம்மநாயகம் இங்கே சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முன்பு செம்பூரில் இருந்தார். மகளைப் பறிகொடுத்த பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

அன்றைக்குப் பம்பாய்ச் சுனாபட்டியிலிருந்து இன்னொரு திருநெல்வேலிக்காரர், பூதத்தான், வந்தார். கூடவே கல்யாணப் பெண், அவருடைய மூத்த மகள் பேராச்சி.

"மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கலை. பொண்ணே கலர் எடுக்கட்டும்னு சொல்லிட்டாரு" என்றார் பூதத்தான், பெருமையாக.

அந்தப் பெண் லேசில் விடுகிறவள் இல்லை. ஒவ்வொரு துணியையும் பிரிக்கச் சொன்னாள், வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள், கையில் கசக்கிப் பார்த்தாள். "இது கசகசன்னு இருக்கும்லா மாமா?" என்று டெரிவுல் துணியை ஒதுக்கினாள். காப்பிப்பொடி நிறம் கிழவனுக்கு ஆகும் என்றாள். சாம்பல் நிறமா, கருநீலமா என்று வந்து நின்றது. மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று!

"சாம்பல் பாந்தமா இருக்கும் தாயி. அளவுச் சட்டையை எடு, எத்தனை மீட்டர் ஆகும்னு பாப்போம்."

அவள் எடுத்துக் கொடுத்தாள். மேஜையில் விரித்தவர் கை அப்படியே நின்றது. சட்டையின் உள்பக்கம், ரயில் பாஸ் வைக்க ஒரு சின்னப் பை. அவர் தைத்தது. தலைதீபாவளிக்கு மருமகன் கேட்டான் என்று அவரே உட்கார்ந்து தைத்த பை.

"மாப்பிள்ளை பேரு என்ன அண்ணாச்சி?"

"இசக்கிமுத்து. செம்பூர்ல சொந்த வீடு. மிசின் கம்பெனில வேலை."

"ரெண்டாந்தாரமா?"

பூதத்தான் ஒரு மாதிரி பார்த்தார். "ஆமா. அதுல மறைக்க என்ன இருக்கு? மூத்தவ மண்ணெண்ண ஸ்டவ் வெடிச்சுப் போயிட்டா. அவ தலையெழுத்து."

ஸ்டவ்வாம்! அந்த வீட்டில் ஏது ஸ்டவ்? சீரோடு சீராகக் கேஸ் அடுப்பு வாங்கி வைத்தவரே பிரம்மநாயகம்தானே. போலீசிடம் தலைபாடாக அடித்துக்கொண்டார். எவன் கேட்டான்? விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

இப்போது வாயைத் திறந்தால் வியாபாரம் கெடும், பாய் வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்துவார். போகட்டுமே, எழவு! இந்தப் பிள்ளையாவது மிஞ்சட்டும்.

"அண்ணாச்சி, அந்த மூத்தவ எம் பொண்ணு" என்றார். "அந்த வீட்டுல ஸ்டவ்வே கெடையாது, கேஸ் அடுப்புதான். கருகிக் கெடந்தவளை நான் பாத்தேன். உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், இந்தப் புள்ளைய அங்க அனுப்பாதீங்க."

"மாஸ்டர்!" என்று அதட்டினார் கரீம் பாட்சா.

பேராச்சி அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பூதத்தான் தலை தாழ்ந்துவிட்டது. தப்பித்தாள், பிழைத்தாள் என்று பிரம்மநாயகத்துக்கு மூச்சு வந்தது.

"கேள்விப்பட்டோம் அண்ணாச்சி" என்றார் பூதத்தான்.

"தெரிஞ்சேவா குடுக்கீங்க?"

"நகை வேண்டாம், பணம் வேண்டாம், ஒரு கோட்டு மட்டும் போதும்னுட்டாங்க. இவளுக்குக் கீழ ரெண்டு நிக்குது. அப்படி எவன் வாரான், சொல்லுங்க பாப்போம்." பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "உங்க மக எதுத்துப் பேசுவாளாம்லா. இவ அப்படி இல்ல. பொறுத்துப் போயிருவா."

செத்த பிறகுமா அவளை விடவில்லை, பாவிகள்! பிரம்மநாயகம் மேஜையில் கிடந்த கத்திரியைத் தள்ளி வைத்துவிட்டு விலகி நின்றார். இனி அதைத் தொட அவரால் ஆகாது.

"எந்தக் கலரும்மா?" என்று கேட்டார் பூதத்தான்.

"எதுன்னாலும் சரிப்பா."

அவர் கருநீலத்தைக் காட்டினார். கரீம் பாட்சா நல்ல மனுஷர்தான். ஆனாலும் கத்திரியை அவரே எடுத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் அளந்து வெட்டினார்.

பூதத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பேராச்சி மட்டும் மேஜை ஓரமாக வந்து நின்றாள்.

"மாமா, அந்த வீட்டு அடுப்படிக்குப் பின்வாசல் உண்டுமா?"

"இல்ல தாயி. ஒரே கதவுதான்."

"தாப்பா உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கமும் இருக்கு" என்றார் பிரம்மநாயகம்.

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். தெருவிலிருந்து அப்பா கூப்பிட்டார். போய்விட்டாள்.