சுத்தியல் தைலம்

முதல் அடி என் வீட்டுக்காரரின் காதோரம் விழுந்தது. அவர் கையிலிருந்த கரண்டியிலிருந்து சூடான தைலம் தெறித்து என் கால்விரல்களில் விழுந்தது. எரிச்சல்கூட உறைக்கவில்லை. இரண்டாவது அடிக்கு அவர் மேசையோடு சாய்ந்தார். காலையில் துடைத்து அடுக்கிய குப்பிகள் உருண்டு விழுந்து உடைந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு எழுத்தில் ஒரே பெயர். அடித்துக்கொண்டிருந்தவனின் பெயர்.

ஆறு வருடமாக இந்த முன்னறையில்தான் வலித்தைலம் காய்ச்சுகிறோம். சரக்கைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் வாங்கப் போகிறவர்கள் “அந்தப் பச்சைக் குப்பி” என்பார்கள். கடைக்காரர் வேறு எவனுடைய பச்சைக் குப்பியையோ எடுத்து நீட்டுவார். புதிதாகக் காட்டமான ஒன்றைக் காய்ச்சியபோது, இதற்காவது நறுக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். பூ, நட்சத்திரம், நதி என்று நாற்பது பெயர் எழுதினார். வலி என்று வருகிறவர்களிடம் ஐந்தைந்தாகப் படித்துக் காட்டுவார். மறுநாள் அவர்களைத் தேடிப் போய், நான் சொன்னதில் ஒன்றாவது ஞாபகமிருக்கிறதா என்று கேட்பார். ஒருத்தருக்கும் இல்லை. முகம் சுண்டிப்போய் அவர் உட்கார்ந்திருந்த ஒரு நாள், காய்கறிக் கடைக்காரர் முழங்கைக்குத் தைலம் தேய்க்க வந்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் முறிக்கப்பட்ட கை.

“இந்தத் தெருவுல யாருக்கும் மறக்காத பேரு ஒண்ணே ஒண்ணுதானேங்க இருக்கு,” என்றேன்.

கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் விளையாட்டாகத்தான் சொன்னேன். இவரோ அதையும் எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பதினோரு பேரிடம் கேட்டார். பதினோரு பேரும் சரியாகச் சொன்னார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி.

சுத்தியல். வீட்டைக் காலி செய்யவைக்க, கடையைப் பூட்டவைக்க, வாயை மூடவைக்க ஆள் தேவைப்பட்டால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆயுதம் எதுவும் எடுக்க மாட்டான், முஷ்டியே போதும். அந்தப் பெயரை அவன் முகத்துக்கு நேரே சொன்னவர் யாருமில்லை. காய்கறிக் கடைக்காரரின் கைக்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஊரைவிட்டே போய்விட்டான் என்று பேச்சு. அதை நம்பித்தான் லேபிள் அடித்தோம்.

“ரெண்டு சுத்தியல் குடுன்னு ஒருத்தி கேக்குறா,” என்றான் இப்போது, இவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்து. “கடையே என்னைப் பாத்துச் சிரிக்குது. யாருடா பேரு வச்சது?”

“நான்தான்.”

சொன்னது இவர். இவருடைய வலது கையை இழுத்து, சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கினான். முறிந்த சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு இவர் அலறியதைத்தான் கேட்க முடியவில்லை.

“உன் மூஞ்சிக்கு இதெல்லாம் தோணாது. யாரு சொன்னா?”

“நான்தான்.”

அடுத்த விரல்.

கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிற மனுஷன். பதினேழு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா? கண் என் பக்கம் திரும்பினாலே காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் துணியைச் சுற்றி, அடுப்பிலிருந்த சட்டியைத் தூக்கினேன்.

“அவரை விடு. அது நான் சொன்ன பேரு.”

திரும்பினான். சட்டியைப் பார்த்தான். “தங்கச்சி, கீழ வை.”

“விடுறியா, மூஞ்சில ஊத்தட்டுமா?”

இவருடைய கையை விட்டான். அப்போதுதான் கவனித்தேன்: அவனுடைய வலது முஷ்டி முழுதாக விரியவில்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடது கையால் அதை அமுக்கிக்கொண்டே கேட்டான்: “எதுக்கு என் பேரு?”

“கை போனவங்க, பல்லு போனவங்க எல்லாரும் வலிக்கிறப்ப உன்னைத்தான் நெனைக்கிறாங்க. தேய்க்கிறப்பவும் நெனைச்சுட்டுப் போகட்டுமேன்னுதான்.”

என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். வலது கையை மேசைமேல் நீட்டினான்.

“கேக்குமா இது?”

“எல்லாருக்கும் கேக்குது.”

“அப்ப தேய். கேக்கலன்னா, உன் புருஷனுக்கு அந்தக் கையில இன்னும் மூணு விரல் இருக்கு.”

சட்டியை வைத்தேன். அதிலிருந்தது இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது, தேய்க்க ஆகாது. உறைந்த தைலமெல்லாம் தரையில், உடைந்த குப்பிகளில்தான் கிடந்தது. குனிந்து, ஒரு குப்பியின் அடியிலிருந்து இரண்டு விரலால் வழித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். தைலத்துக்குள் கண்ணாடி பொடிப்பொடியாக மினுங்கியது.

அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். சுவரோரமாகச் சுருண்டிருந்த இவர் இப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நான் அந்த வீங்கிய மணிக்கட்டைப் பிடித்து என் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.